பவர் ட்யூப் மாற்றும் முன்: கிட்டார் ஆம்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கம் சர்ச் இசைக்குழுவிலும் திருவிழா ஆர்கெஸ்ட்ராவிலும் வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் ட்யூப் எனும் கண்ணாடி வெற்றிடக் குழாய்களால் ஓடும் ஆம்ப்ளிஃபையர்) வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் புதிதாக வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் அதைக் கெடுக்கிறார்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆன் செய்யக்கூடாது என்பதெல்லாம் தெரிந்த கதை, விட்டுவிடுவோம்.

"இஎல்34 போட்டால் மார்ஷல், 6எல்6 போட்டால் ஃபெண்டர்"

இஎல்34, 6எல்6 இரண்டும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ட்யூப் வகைகள்; மார்ஷல், ஃபெண்டர் ஆம்ப் கம்பெனிகள். ட்யூபை மாற்றினாலே அந்தக் கம்பெனியின் சத்தம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் வினையெல்லாம் தொடங்குகிறது. 1962-ல் வந்த மார்ஷல் ஜேடிஎம்45, ஃபெண்டர் பேஸ்மேனின் 5எஃப்6-ஏ சர்க்யூட்டை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. முதலில் அதில் இருந்த பவர் ட்யூபும் 6எல்6 குடும்பத்து 5881-தான். இஎல்34 பிறகு வந்தது. இருந்தும் இரண்டின் சத்தமும் ஒன்றல்ல. முதல் ஸ்டேஜில் 12ஏஒய்7 ட்யூபுக்குப் பதில் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) அதிகமுள்ள ஈசிசி83, வேறு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், கூடுதல் நெகடிவ் ஃபீட்பேக் (அவுட்புட்டில் கொஞ்சத்தை எதிர்த் திசையில் திருப்பி ஊட்டுவது), பின்பக்கம் மூடிய பெட்டியில் நான்கு 12 இஞ்ச் ஸ்பீக்கர் என்று மாற்றங்கள் இருந்தன. வாக்ஸ் கம்பெனியின் ஏசி30 ஆம்ப்பின் கணீர் சத்தத்துக்கும் நான்கு இஎல்84 மட்டும் காரணமில்லை. அதில் நெகடிவ் ஃபீட்பேக்கே கிடையாது. அதோடு பயாஸும் (சிக்னல் இல்லாதபோது ட்யூப் எவ்வளவு கரண்ட் இழுக்க வேண்டும் என்று வைப்பது) கேத்தோடு வகை.

உங்கள் ஆம்ப்பில் ஃபீட்பேக் இருந்தால் அந்த ரெசிஸ்டரை 47 கிலோ ஓமிலிருந்து 100 கிலோ ஓம் ஆக்கிக் கேட்டுப் பாருங்கள். மேல் ஸ்தாயி திறந்துகொள்ளும், டிஸ்டார்ஷன் சீக்கிரம் வரும். செலவு ஐந்து ரூபாய்கூட ஆகாது.

பயாஸ் பார்க்காமல் ட்யூப் மாற்றுவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இது. "மேட்ச்டு பேர்" என்று போட்டிருக்கிறது, பழையதைப் பிடுங்கிப் புதியதைச் சொருகி அப்படியே மேடை ஏறிவிடுகிறார்கள். இரண்டாவது பாட்டில் பிளேட் (ட்யூபுக்குள் கரண்டை வாங்கும் உலோகத் தகடு) சிவக்கிறது, மூன்றாவதில் ஆம்ப் ஊமையாகிறது. மேட்ச்டு என்றால் அந்த இரண்டு ட்யூபும் ஒன்றுக்கொன்று பொருத்தம், அவ்வளவுதான். உங்கள் ஆம்ப்புக்குப் பொருத்தம் என்று யாரும் சொல்லவில்லை.

கேத்தோடு பயாஸ் உள்ள ஆம்ப் ஓரளவு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். கிரிட்டுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பிவலை) தனியாக மைனஸ் வோல்டேஜ் கொடுக்கும் ஃபிக்ஸட் பயாஸ் அப்படியில்லை. கிரிட்டில் அதே மைனஸ் 38 வோல்ட் இருந்தாலும் ஒரு ஜோடி 28 மில்லி ஆம்பியர் இழுக்கும், இன்னொரு ஜோடி 50 இழுக்கும். அதனால் அளந்தே ஆக வேண்டும்.

ஒவ்வொரு பவர் ட்யூபின் கேத்தோடுக்கும் (எலக்ட்ரானை வெளிவிடும் முனை) கிரவுண்டுக்கும் நடுவில் 1 ஓம், 1 சதவீத ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவையுங்கள். இஎல்34, 6எல்6 இரண்டிலும் கேத்தோடு 8-வது பின். இஎல்34-ல் 1-வது பின்னும் அதோடு சேர வேண்டும். ரெசிஸ்டரின் குறுக்கே மீட்டர் காட்டும் மில்லி வோல்ட்தான் மில்லி ஆம்பியர். பிறகு 3-வது பின்னில் பிளேட் வோல்டேஜ் பாருங்கள். இஎல்34-ன் தாங்கும் திறன் 25 வாட். பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் 25-ஐ 450-ஆல் வகுக்க 55.5 மில்லி ஆம்பியர், அதில் 70 சதவீதம் சுமார் 39, பயாஸை அங்கே வையுங்கள். 30 வாட் 6எல்6ஜிசி-க்கு இதே கணக்கு 46-க்குச் சற்று மேலே நிற்கும். கேத்தோடில் அளப்பதில் ஸ்கிரீன் என்ற இன்னொரு கிரிட்டின் கரண்டும் சில மில்லி ஆம்பியர் கலந்திருக்கும். கழிக்காமல் விட்டால் கொஞ்சம் குளிர்ச்சியாக ஓடும், நஷ்டமில்லை.

புது ட்யூபைச் சொருகும் முன்பே பயாஸ் திருகை அதிகபட்ச மைனஸுக்குத் தள்ளிவிடுங்கள். ஆன் செய்து, சூடேறிய பிறகு மெல்ல ஏற்றி, கால் மணி நேரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். அளவு தானாக ஏறிக்கொண்டே போனால் அந்த ட்யூபைத் திருப்பிக் கொடுங்கள். உள்ளே 450 வோல்ட் ஓடுகிறது, கெபாசிட்டர்கள் ஆஃப் செய்த பிறகும் அதைப் பிடித்து வைத்திருக்கும். மீட்டர் முனையைக் கிளிப்பில் மாட்டிவிட்டு ஒரு கையால் மட்டும் வேலை பாருங்கள்.

"ஹாட்டாக வைத்தால் டோன் நன்றாக இருக்கும்" என்று 90 சதவீதத்தில் நிறுத்துகிறவர்களுக்கு: 70-க்கும் 90-க்கும் காதில் தெரியும் வித்தியாசம் கொஞ்சம், ட்யூப் ஆயுளில் தெரிவது நிறைய. ரொம்பக் குறைத்தாலும் தப்பு. மெதுவாக வாசிக்கும்போது நோட்டின் வாலில் கரகரப்பு வரும். அது கிராஸ் ஓவர் டிஸ்டார்ஷன்.

சாக்கெட் ஒன்றுதானே?

ஒன்றாக இருந்தாலும் 6எல்6 இருந்த இடத்தில் இஎல்34-ஐ அப்படியே சொருகக்கூடாது. 6எல்6-ன் ஹீட்டர் (கேத்தோடைச் சூடாக்கும் இழை) 0.9 ஆம்பியர் எடுக்கும், இஎல்34 1.5 எடுக்கும். நான்கு ட்யூப் ஆம்ப்பில் 3.6 ஆம்பியர் 6 ஆகிறது. பவர் டிரான்ஸ்ஃபார்மர் அதற்குச் சுற்றப்பட்டதா என்று முதலில் பாருங்கள். இஎல்34-ன் 1-வது பின் சப்ரெசர் கிரிட். ஃபெண்டர் சாக்கெட்டில் அந்தக் காலிப் பின்னைக் கிரிட் ரெசிஸ்டர் பற்றவைக்கப் பயன்படுத்தியிருப்பார்கள். அந்த வயரிங்கை மாற்றாமல் இஎல்34 சொருகினால் சப்ரெசரில் பயாஸ் வோல்டேஜ் ஏறும். 470 ஓம் ஸ்கிரீன் ரெசிஸ்டரையும் 1 கிலோ ஓம், 5 வாட் ஆக்குங்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போனால் அதே மாதிரி இன்னொன்று உள்ளூரில் சுற்றி வாங்குவது லேசில்லை.

220 வோல்ட் டேப்

பழைய இறக்குமதி ஆம்ப்பில் லைன் வோல்டேஜுக்கு ஏற்ப மாற்றும் டேப் 220, 240 இரண்டும் இருந்தால் 240-ல் வையுங்கள். 220-ல் வைத்து, இரவில் லைன் 245 காட்டினால் 6.3 வோல்ட் ஹீட்டர் 7-ஐத் தொடும், அனுமதி 6.9 வரைதான். பகலில் வைத்த பயாஸும் அப்போது ஏறியிருக்கும். எந்த லைன் வோல்டேஜில் பயாஸ் வைத்தீர்கள் என்று சேசிஸ் (ஆம்ப்பின் உலோகச் சட்டம்) உள்ளே பென்சிலால் எழுதி வையுங்கள். ஜெனரேட்டரில் ஓடும் மேடை என்றால் பிளக் சொருகும் முன் மீட்டர்.

ஹம் வந்தால் ட்யூப் வாங்குவது

100 ஹெர்ட்ஸ் ஹம் (விடாமல் கேட்கும் உறுமல்) வந்தால் காரணம் பெரும்பாலும் காய்ந்துபோன ஃபில்டர் கெபாசிட்டர். 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும். சித்திரை வெயிலில் தகரப் பந்தலுக்குக் கீழே வைத்து வாசித்த ஆம்ப்பில் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஃபியூஸ்

அரை ஆம்பியர் போன இடத்தில் 2 ஆம்பியர் போடாதீர்கள்.