சேணத்தாங்கி நீராவி இயந்திரம்: மாரிக்கு முன் கறளைத் தடுப்பது

கொதிகலனின் முதுகில் சேணம்போலக் கவிந்திருக்கும் தண்ணீர்த்தாங்கிதான் இந்த நீராவிப் புகையிரத இயந்திரத்தின் அழகு. கறள் பிடிக்கும் இடமும் அதுவே. தாங்கிக்கும் கொதிகலன் உறைத் தகட்டுக்கும் நடுவில் ஒழுகும் நீர் வெளியே தெரியாது. யாழ்ப்பாணத்து உப்புக்காற்றும் சேர்ந்தால் தகடு மறைவிலேயே அரித்துப்போகும்.

ஐப்பசி மழைக்கு முன் தாங்கியை முழுதாக வடியுங்கள். அடிவிளிம்புத் தறையாணிகளைச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, மந்தமாக ஒலித்தால் ஆணி தளர்ந்திருக்கும். பழைய வெப்பக்காப்பில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். சோதிக்காமல் பிரிக்கவே வேண்டாம்.

கொதிகலனின் முன்முனையில் புகைபோக்கிக்குக் கீழே இருக்கும் புகைப்பெட்டிச் சாம்பலில் ஈரம் பட்டால் அமிலமாகித் தகட்டைத் தின்னும். மூலையில் ஒரு பிடிகூட விடாமல் அள்ளி, எண்ணெய் பூசி, புகைபோக்கியை மூடுங்கள்.

கொதிகலனைக் கழுவி நன்றாக உலர்த்தி, உள்ளே தட்டுகளில் நீறாத சுண்ணாம்பு வையுங்கள். ஈரம் குடித்தால் அது பொங்கும், ஆகவே அரைத்தட்டே போதும். கொதிகலனின் வாயை இறுக மூடி, "உள்ளே 4 தட்டு" என்று எண்ணிக்கையை எழுதித் தொங்கவிடுங்கள். மாதம் ஒருமுறை பார்த்து, பொடிந்ததை மாற்றுங்கள்.

மீண்டும் நெருப்பு மூட்டும்போது கொதிகலனுக்குக் கிணற்றுத் தண்ணீர் கூடாது. எங்கள் சுண்ணக்கல் நிலத்து நீர் குழாய்களில் கல்லாகப் படியும். சேமித்த மழைநீரே நல்லது. தகுதியுள்ள ஆய்வாளர் நீரழுத்தச் சோதனை செய்து ஒப்பும்வரை நெருப்பு வைக்காதீர்கள்.