ஹெச்பி கேட்டு ஆட்டோமேட்டிக் பெட்டி வாங்காதீர்கள்

சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே ஓடும் பழைய டீசல் வண்டிகளுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மாட்டும் ஆசை இப்போது கொஞ்சம் பரவியிருக்கிறது. ஆசையில் தப்பில்லை. யார்டுக்குள் நாள் முழுக்க பத்தடி நகர்ந்து பத்து நிமிஷம் நிற்கிற வண்டிக்கு எத்தனை கிளட்ச் பிளேட் மாற்றினாலும் போதாது. டிரைவரின் இடது முட்டி அதற்கு முன்னாலேயே தேய்ந்துவிடும். கப்பலில் இறங்கும் கன்டெய்னரை யார்டுக்குள் இழுக்கும் டிராக்டர்கள் பலவும் கம்பெனியிலிருந்தே ஆட்டோமேட்டிக்காக வருவது அதனால்தான்.

கோளாறு பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருக்கிறது. மாதவரம், மணலி பக்கம் இந்த வேலையில் புதிதாக இறங்கும் தம்பிகள், எங்கள் தலைமுறைப் பட்டறைகள் விழுந்து எழுந்த அதே பள்ளத்தில் வரிசையாக விழுகிறார்கள். ஆயில் ஊற்றாமல் ஸ்டார்ட் செய்வது, மவுண்டை ஒழுங்காக இறுக்காமல் விடுவது இதெல்லாம் இங்கே வேண்டாம். ஒருமுறை பட்டால் தானாகப் புரிந்துவிடும்.

ஹெச்பி கணக்கு

"அண்ணா, இந்தப் பெட்டி எவ்ளோ ஹெச்பி தாங்கும்?" எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. பெட்டியை உடைப்பது டார்க், அதாவது இன்ஜின் ஷாஃப்ட்டைத் திருக்கும் விசை. 5,000 ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு 5,000 சுற்று) 300 ஹெச்பி தரும் பெட்ரோல் இன்ஜின் அந்த இடத்தில் தருவது சுமார் 425 நியூட்டன் மீட்டர். 2,500 ஆர்பிஎம்மில் 180 ஹெச்பி தரும் டீசலோ 510-ஐத் தாண்டும். 1,500 பக்கம் இறங்கி வந்தால் அதைவிடக் கூடும். ஆக, '300 ஹெச்பி பெட்டி' என்று விற்கப்படுவது 180 ஹெச்பி டீசலிடம் தோற்றுப்போகலாம்.

தயாரிப்பாளரின் தாளில் இன்ஜினிலிருந்து வரும் டார்க் ஒரு வரியிலும், கன்வெர்ட்டர் (கிளட்ச்சுக்குப் பதில், இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டிரம்) அதைப் பெருக்கியபின் உள் ஷாஃப்ட்டுக்கு வரும் டர்பைன் டார்க் இன்னொரு வரியிலும் இருக்கும். பக்கத்திலேயே வண்டியும் சரக்கும் சேர்ந்து எத்தனை டன் வரை என்றும் போட்டிருப்பார்கள். மூன்றையும் படிக்க வேண்டும்.

எடையை விட்டுவிடுவதற்குப் பெரிய காரணம் அமெரிக்க வீடியோக்கள். அங்கே டாட்ஜ் பிக்கப்பில் 1989 மாடலிலிருந்து வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர் இன்ஜின், நம் ஊர் டாடா லாரிகளில் ஓடியதற்குச் சொந்தக்கார இன்ஜின்தான். அதற்குப் பின்னால் 1994-இல் 47ஆர்ஹெச், 1996-இல் 47ஆர்இ, 2003-இல் 48ஆர்இ என்று பெட்டிகள் வந்தன. டியூராமேக்ஸ் இன்ஜினோடு 2001-இல் வந்த அலிசன் 1000-க்கு முதலில் ஐந்து கியர், 2006 மாடலில் ஆறு. எல்லாம் நல்ல பெட்டிகள். ஆனால் அவை பிக்கப்புக்குப் பிறந்தவை. நாற்பது அடி கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லரை அதன் தலையில் கட்டினால் இன்ஜின் ஒன்றாக இருந்து என்ன பிரயோஜனம்?

பெட்டியோடு வந்த கன்வெர்ட்டரை அப்படியே மாட்டுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். பெட்டிக்கு ஒரு மாதம் பேரம் பேசுவார்கள், கன்வெர்ட்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். 'பெட்டியோட ஃப்ரீயா வந்துச்சுண்ணா' என்பார்கள். அந்த ஃப்ரீதான் பெட்டியைத் தின்னும்.

திருவொற்றியூர் பக்கம் காலி கன்டெய்னர் நகர்த்தும் ஒரு யார்டு வண்டி. 5.9 இன்ஜின், இன்ஜினுக்கு டீசல் அனுப்பும் பம்ப்பைத் திருகி டீசலைக் கூட்டி, டர்போ மாற்றி, நன்றாகவே தயார் செய்திருந்தார்கள். பின்னால் இறக்குமதி ஸ்கிராப்பில் வந்த பழைய பெட்ரோல் வி8 பெட்டி. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கவர்னர் (அதற்கு மேல் சுற்றவிடாத கட்டுப்பாடு) வரை கத்தும், வண்டியோ தண்ணீரில் மிதப்பதுபோல் மெதுவாக நகரும். சில நாளில் ஆயில் கருகிப்போனது. 'பெட்டி மோசம்' என்று தீர்ப்பு எழுதி, வேறொரு பெட்டி வாங்கி, அதற்கும் பழைய கன்வெர்ட்டரையே மாட்டினார்கள். அதுவும் கருகியது. பிரித்தபோது சம்ப்பின் (பெட்டியின் ஆயில் தொட்டி) அடியில் கருப்புச் சேறு. விரலில் எடுத்துத் தேய்த்தால் கிளட்ச் லைனிங்கின் தூள், நடுவே வெள்ளி மினுமினுப்பு. மினுமினுப்பு தெரிந்துவிட்டால் உலோகமும் தேயத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

நடந்தது இதுதான். வண்டியை நகரவிடாமல் பிடித்துக்கொண்டு முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் இன்ஜின் எந்த ஆர்பிஎம்முக்கு மேல் ஏற முடியாமல் நிற்கிறதோ அதுதான் ஸ்டால் ஸ்பீடு. அது கன்வெர்ட்டரில் பொறித்து வரும் நிலையான எண் அல்ல. முன்னால் இருக்கும் இன்ஜினின் டார்க் ஏறினால், அதன் வர்க்கமூலக் கணக்கில் ஸ்டால் ஸ்பீடும் ஏறும். 400 நியூட்டன் மீட்டர் இன்ஜினுக்குப் பின்னால் 1,800-இல் நிற்கும் கன்வெர்ட்டர், 800 நியூட்டன் மீட்டர் டீசலுக்குப் பின்னால் 2,500-ஐத் தாண்டப் பார்க்கும். அந்த டீசலின் கவர்னரே 2,500-இல் என்றால் வண்டி பிடிப்பதற்குள் இன்ஜினின் எல்லை முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் நழுவல், நழுவல் முழுக்கச் சூடு.

எவ்வளவு சூடு? 700 நியூட்டன் மீட்டரில் 1,600 ஆர்பிஎம் என்றால் சுமார் 117 கிலோவாட். வண்டி நின்ற இடத்தில் நிற்கும்போது அவ்வளவும் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஆயிலுக்குத்தான் போகிறது. வீட்டு பாத்ரூமில் இருக்கும் 2 கிலோவாட் கீசர் ஐம்பதுக்கு மேல் ஒரே டிரம்மில் எரிவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஸ்டால் ஸ்பீடு குறைவான, இறுக்கமான கன்வெர்ட்டர் போட்டால்? அதுவும் உதைக்கும். 1,100-இல் பிடித்து நிறுத்தினால் டர்போ எழும்பாது, காற்று இல்லாமல் டீசல் மட்டும் போய்க் கரும்புகைதான் வரும், லோடோடு வண்டி முக்கும். டார்க் உச்சம் தொடும் ஆர்பிஎம்முக்குப் பக்கத்திலோ கொஞ்சம் மேலேயோ ஸ்டால் ஸ்பீடு இருக்கட்டும். இந்த மாதிரி டீசலுக்கு 1,600, 1,800 என்று வரும். கன்வெர்ட்டர் கட்டித் தருபவரிடம் இன்ஜினின் டார்க் அளவு, கவர்னர் ஆர்பிஎம், வண்டி எடை, கிரவுன் பினியன் (பின் அச்சின் பல்சக்கரங்கள்) விகிதம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். கேட்காமலே 'போட்டுக்கலாம் தம்பி' என்று சொல்பவரிடம் வாங்க வேண்டாம்.

பம்ப்பைத் திருகுவதாக இருந்தால் அதற்கு முன்னாலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். டார்க் 30 சதவீதம் கூடினால் ஸ்டால் ஸ்பீடு 14 சதவீதம் ஏறும். பொருத்தமாக வாங்கியதை நாமே பொருத்தமில்லாததாக்கிக்கொள்வது இப்படித்தான்.

லாக்-அப் கிளட்ச் (ஓட்டத்தில் நழுவல் இல்லாமல் இன்ஜினையும் பெட்டியையும் நேராகப் பூட்டுவது) இல்லாத கன்வெர்ட்டரை ரோட்டில் ஓடும் வண்டிக்கு நான் மாட்ட மாட்டேன். லாக்-அப் இருந்தாலும் கம்பெனி போட்ட ஒற்றை லைனிங், டீசல் கூட்டிய இன்ஜினுக்கு நழுவும். மூன்று பிளேட் உள்ளவை இருக்கின்றன, விலை கூடுதல். அழுதுகொண்டே கொடுத்துவிடுங்கள்.

மாட்டியபின் ஸ்டால் டெஸ்ட் செய்து பாருங்கள். சக்கரத்துக்குக் கட்டை, பிரேக் முழுக்க, வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. முழு மிதி ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம். அப்புறம் நியூட்ரலில் 1,200 ஆர்பிஎம்மில் இரண்டு நிமிஷம் ஓடவிட்டு ஆயிலை ஆறவிடுங்கள்.

பழைய கூலர்

கருகிய பெட்டியோடு ஓடிய கூலரை (பெட்டி ஆயிலைக் குளிரவைப்பது) கழுவிப் போடலாம் என்பது வீண் சிக்கனம். இதழ்களுக்கு உள்ளே ஒட்டிய தூள் முழுக்க வராது, புதுப் பெட்டிக்குள் போய்ச் சேரும். வெளிப்புறமும் பார்க்க வேண்டும். எண்ணூர் ரோட்டில் ஓடும் வண்டியில் நிலக்கரித் தூசியும் உப்புக் காற்றும் சேர்ந்து ஃபின்களை அடைத்துவிடும். மே மாத வெயிலில் துறைமுக கேட்டுக்கு வெளியே வரிசையில் ஊரும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடையாது, ஆகவே கூலருக்குத் தனி ஃபேன் வேண்டும். கன்வெர்ட்டரிலிருந்து வெளியே வரும் லைனில் ஒரு டெம்பரேச்சர் மீட்டர் வையுங்கள். 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் தோராயக் கணக்கு.

ஷிஃப்ட் ஆகும் இடம்

பெட்ரோல் பெட்டிக்குள் கியர் மாறும் நேரத்தைத் தீர்மானிக்கும் வேறொரு கவர்னர், முழு மிதியில் 4,500 வரை காத்திருக்கும். நம் இன்ஜின் 2,500-க்கு மேல் ஏறாது. அடுத்த கியர் வரவே வராது. ஹைட்ராலிக் பெட்டி என்றால் கவர்னரை மாற்ற வேண்டும், எலக்ட்ரானிக் என்றால் தனி கன்ட்ரோலர்.

அந்தக் கன்ட்ரோலர் ஆக்சிலேட்டர் எவ்வளவு மிதிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்கும். மெக்கானிக்கல் பம்ப்புக்கு அதைச் சொல்லத் தெரியாது, பம்ப் லீவரில் சென்சார் மாட்ட வேண்டும். இசட்எஃப் எட்டு கியர் போன்ற புதிய பெட்டிகள் இன்ஜின் கம்ப்யூட்டரோடு கேன் லைனில் (வண்டியின் கம்ப்யூட்டர்களை இணைக்கும் வயர்) பேசிக்கொண்டே இருப்பவை. பேச ஆள் இல்லையென்றால் எமர்ஜென்சி கியரில் போய் உட்கார்ந்துகொள்ளும். மலிவாகக் கிடைக்கிறதே என்று தூக்கி வராதீர்கள்.

பெல் ஹவுசிங்

இன்ஜினையும் பெட்டியையும் இணைக்கும் கூடு இது, அதன் அளவைச் சொல்வது எஸ்ஏஇ எண். எண் பெரிதானால் ஹவுசிங் சிறிது. 2-ஐயும் 3-ஐயும் லேத்தில் அடாப்டர் கடைந்து சேர்க்கலாம், ஆனால் டயல் கேஜ் வைத்து மையம் பார்க்காமல் முடுக்கினால் பெட்டியின் முன் ஆயில் பம்ப்பின் புஷ் போய்விடும். கன்வெர்ட்டர் முழுக்க உள்ளே உட்காரும் முன்னால் போல்ட்டை வைத்து இழுத்தால் பம்ப்பே உடையும்.

ஆயில்

பெட்டி செய்தவர் சொன்னது. கடைக்காரர் சொன்னது அல்ல.

ஆர்டிஓ

ரோட்டில் ஓடும் வண்டி என்றால், வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைப் படித்துவிட்டு, ஆர்டிஓ ஆபீசில் கேட்டுவிட்டு, ஸ்பேனரை எடுங்கள்.

பார்க்

லோடு வண்டியைப் பார்க் போட்டு மட்டும் நிறுத்தாதீர்கள். ஹேண்ட் பிரேக் வேண்டும், சக்கரத்துக்குக் கட்டையும் வேண்டும்.