பிரைமரில் வரப்பு எழும்பினால்: கோளாறு தோட்டாவிலா, போல்ட்டிலா?

ரைஃபிளில் சுட்ட கேஸை, அதாவது தோட்டாவின் வெற்றுக் கூட்டை, எடுத்துப் பாருங்கள். அதன் அடியில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் சின்னக் கிண்ணம்தான் பிரைமர். அதில் ஃபயரிங் பின் என்ற ஊசி குத்திய பள்ளத்தைச் சுற்றி, வயலுக்கு வரப்பு கட்டினாற்போல உலோகம் மேலெழும்பி நின்றால் அதுதான் கிரேட்டரிங். பார்த்தவுடன் "பிரஷர் ஜாஸ்தி" என்று சொல்லிவிடுவார்கள். இருக்கலாம், ஆனால் இந்த ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

தோட்டா வெடிக்கும்போது உள்ளே எழும் அழுத்தம் பிரைமர் கிண்ணத்தை, தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் போல்ட்டின் முகத்தோடு சேர்த்து அமுக்குகிறது. அங்கே பின் நுனிக்கும் அது வெளியே வரும் துளைக்கும் நடுவில் இடம் இருந்தால் உலோகம் அதற்குள் பிதுங்கிவிடும், அவ்வளவுதான். அழுத்தம் கூடினாலும் பிதுங்கும். துளை பெரிதாக இருந்தாலும், அதன் விளிம்பு சரிவாக இருந்தாலும், ஸ்பிரிங் தளர்ந்து பின்னைத் தாங்க முடியாமல் போனாலும், பிரைமர் கிண்ணம் மெல்லியதாக இருந்தாலும் பிதுங்கும்.

முதலில் தோட்டாவைச் சோதியுங்கள். நல்ல ஃபேக்டரி தோட்டா சிலவற்றையும், ரீலோடிங் (தோட்டாவைத் தானே நிரப்புதல்) கையேட்டில் உள்ள ஆரம்ப அளவில் நீங்களே நிரப்பியவற்றையும் சுட்டுப் பாருங்கள். அவற்றிலும் வரப்பு எழும்புகிறது, ஆனால் பிரைமரின் ஓரம் இன்னும் உருண்டையாக இருக்கிறது, போல்ட் லேசாகத் திறக்கிறது என்றால் சந்தேகம் துப்பாக்கி மேல்தான். மாறாக, போல்ட் கைப்பிடி இறுகுகிறது, கேஸின் அடியில் எஜெக்டர் (கேஸை வெளியே தள்ளும் பாகம்) பதிந்த தடம் பளபளக்கிறது, பிரைமர் ஓரம் வரை தட்டையாகிவிட்டது, குண்டின் வேகம் கையேட்டில் உள்ளதைத் தாண்டுகிறது என்றால் வாதமே வேண்டாம், வெடிமருந்தைக் குறையுங்கள். பிரைமர் துளைபட்டிருந்தால் அன்றைக்குச் சுடுவதை நிறுத்திவிட்டுப் போல்ட்டைப் பிரித்துப் பாருங்கள். வெட்டுப்பட்ட குட்டித் தகடு உள்ளே சிக்கியிருக்கலாம், பின் நுனியும் அரித்திருக்கலாம். இப்படித் துளைபடும்போது சூடான வாயு பின்பக்கம் சீறும், அதனால் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுடவே கூடாது.

ஸ்மால் ரைஃபிள் பிரைமர் என்றால் கிண்ணத்தின் தடிமனையும் பாருங்கள். சிசிஐ நிறுவனத்தின் 400-இல் சுமார் 0.020 அங்குலம், 450-இல் 0.025. மாற்றினால் வரப்பு குறையலாம், ஆனால் 450 மேக்னம் (இன்னும் வலுவாகப் பற்றவைக்கும்) பிரைமர், அதே மருந்தளவை அப்படியே வைக்கக் கூடாது, கீழிருந்து ஏறி வர வேண்டும். என்னைக் கேட்டால், பெரிய துளையைத் தடித்த பிரைமரால் மறைப்பது வைத்தியம் இல்லை.

அப்புறம் துளையை அளக்க வேண்டும். துப்பாக்கி காலியா என்று பார்த்துவிட்டுப் போல்ட்டைக் கழற்றுங்கள், பின் நுனியை மைக்ரோமீட்டரிலும் துளையைப் பின் கேஜிலும் (விட்டம் தெரிந்த அளவுக் கம்பி) அளந்து கழியுங்கள். 0.001 முதல் 0.002 அங்குலம் வித்தியாசம் என்றால் நல்லது. ரெமிங்டன் 700 போன்ற ஃபேக்டரி போல்ட்டுகளில் பின் 0.075 அங்குலத்தை ஒட்டி இருக்கும், துளை அதைவிடத் தாராளமாக இருப்பது அபூர்வம் இல்லை. ஸ்பிரிங் பழசாகியிருந்தால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள், செலவு குறைவு.

துளைதான் காரணம் என்று உறுதியானால் போல்ட்டை புஷிங் செய்வதே நிரந்தரத் தீர்வு. கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) பழைய துளையைப் பெரிதாக்கி, அதில் உலோகச் செருகு பொருத்தி, முகத்தைச் சமப்படுத்தி, பின்னுக்கு நெருக்கமான புதுத் துளை போடுவார். பின் நுனியையும் 0.062 முதல் 0.068 அங்குலம் வரை மெலிதாகக் கடைவார். மெலிதாக்குவதில் இன்னொரு லாபமும் உண்டு: 6.5 கிரீட்மூர் தோட்டாவின் உச்ச அழுத்த வரம்பு 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு), அந்த அழுத்தம் 0.076 அங்குல நுனியைப் பின்னால் தள்ளும் விசை கிட்டத்தட்ட 280 பவுண்டு, 0.062 ஆனால் 187 பவுண்டுதான். அதே ஸ்பிரிங்குக்கு வேலை எவ்வளவு குறைகிறது பாருங்கள்.

இதை வீட்டு டிரில்லில் முயலாதீர்கள். துளை மையம் விலகினால் பின் பிரைமரின் நடுவில் குத்தாது, முகத்தை அதிகம் சீவினால் ஹெட்ஸ்பேஸே, அதாவது போல்ட் முகத்துக்கும் தோட்டா அறையில் தங்கும் இடத்துக்கும் உள்ள தூரமே, மாறிவிடும். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் துப்பாக்கி என்பது ரிசீவர்தான் என்பதால் போல்ட்டையும் பின்னையும் மட்டும் தபாலில் அனுப்பி வேலை முடித்து வாங்கிவிடலாம்.

திரும்பி வந்ததும் பழைய உச்ச லோடுக்கு (மருந்தளவுக்கு) தாவாதீர்கள். இதுவரை வரப்பைத் "துப்பாக்கி அப்படித்தான்" என்று ஒதுக்கியிருந்தால் அந்த லோடு நிஜமாகவே அழுத்தம் மிகுந்ததாக இருந்திருக்கலாம். ஆரம்ப அளவிலிருந்து, குண்டின் வேகத்தை அளக்கும் கிரோனோகிராஃப் வைத்து ஏறுங்கள். புஷிங்குக்குப் பிறகும் வரப்பு தெரிந்தால், இனி போல்ட் மேல் பழி போட முடியாது.