காற்சட்டைப் பையில் சின்ன ரிவோல்வர்: உறை, வியர்வை, துரு

கொழும்பு செட்டியார் தெருவில் நகையும் காசுமாகப் போய்வருகிறவர் தற்காப்புக்கென அனுமதி பெற்று ரிவோல்வர் வைத்திருந்தால், முதலில் பார்க்க வேண்டியது பத்திரத்தின் திகதியை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதி ஆண்டுதோறும் டிசம்பர் 31உடன் முடிகிறது. 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு தற்காப்புத் துப்பாக்கிகளை மீளாய்வுக்காகத் திரும்பக் கேட்டது. அதனால் போன வருட நடைமுறையை நம்பி இருக்காமல், இப்போதைய நிபந்தனையை அமைச்சிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதி புதுப்பிக்காத துப்பாக்கியோடு தெருவில் இறங்கவே கூடாது.

அடுத்தது ரவை. பிரித்தானியர் காலத்து .38 வெப்ளி உங்கள் கைக்கு வந்திருந்தால் அது .38 ஸ்பெஷல் ரவைக்கு உரியதல்ல. வெப்ளியின் ரவைக்கோது (மருந்தையும் குண்டையும் பிடித்திருக்கும் உலோகக் குப்பி) குட்டை, சுமார் 19.7 மில்லிமீற்றர், ஸ்பெஷலின் கோது 29.3. வெப்ளியின் குண்டும் சற்றுப் பருமன். நீளக் கோது நுழையட்டும் என்று யாராவது ரவை உட்காரும் அறையைக் கடைந்து விட்டிருந்தால், சுடும்போது கோது வெடித்துப் பிளக்கக்கூடும். குழலில் பொறித்திருப்பதைப் படித்துவிட்டு ரவை வாங்குங்கள். ரவையை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியலைத் தடுக்கும் பாதுகாப்புத் தகடு இல்லாத பழைய ரிவோல்வரில் சுத்தியலுக்கு நேரே உள்ள அறையை வெறுமையாக விட வேண்டும். நிலத்தில் விழுந்தால் தானாக வெடிக்கக்கூடிய அறை அதுதான்.

ஸ்மித் அண்ட் வெசனின் 642 போன்ற அலுமினியச் சட்டக ரிவோல்வர் சுமார் 425 கிராம். இரும்பில் செய்த மாடல் 36 சுமார் 550. இலகுவானது பையைத் தொங்க வைக்காது, சுடும்போது கையை மோசமாக உதைக்கும். மிக இலகுவான துப்பாக்கிகளில் அந்த உதையே சுடப்படாத ரவைகளின் குண்டைக் கோதிலிருந்து முன்னுக்கு இழுத்துவிடும். ரவை அறைகள் உள்ள உருளையான சிலிண்டருக்கு வெளியே குண்டு நீட்டினால் சிலிண்டர் சுற்றாது. பயிற்சித் தளத்தில் நான்கு ரவை சுட்டுவிட்டு ஐந்தாவதை எடுத்து, சுடாத புது ரவையோடு அருகருகே வைத்து நீளத்தைப் பாருங்கள். நீண்டிருந்தால் அந்த வகை ரவையை விட்டுவிடுங்கள்.

பையில் உறை இல்லாமல் போடவே கூடாது. உறை விசையை முழுதாக மூட வேண்டும், துப்பாக்கியை உருவும்போது அது பைக்குள்ளேயே நிற்க வேண்டும். அந்தப் பையில் சாவி, சில்லறை, தொலைபேசி எதுவும் வேண்டாம். ஒரு சாவி விசைக்காப்புக்குள் போனாலே போதும், ஆபத்துதான். ஆயத்த காற்சட்டைகளின் பைத்துணி மிக மெல்லியது. தையற்காரரிடம் கொடுத்துத் தடித்த ட்ரில் துணியில் பையை மாற்றித் தைப்பியுங்கள். பின்பை வேண்டாம். சுத்தியல் வெளியே நீட்டாத வகை துணியில் சிக்காது. ஆட்டோவிலும் காரிலும் உட்கார்ந்தபடி பையிலிருந்து எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். நாள் முழுக்க வாகனத்தில் இருப்பவருக்கு இடுப்பின் முன்பக்கம், எதிர்க்கைப் பக்கமாகச் சாய்ந்த பெல்ட் உறை பொருந்தும்.

கொழும்பில் ரிவோல்வரை அதிகம் கெடுப்பது வியர்வையும் கடற்காற்றும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர் ஒருநாள் துடைக்காமல் விட்டாலும் நீலமுலாம் பூசிய இரும்பில் செம்புள்ளி தெரியத் தொடங்கலாம். துருப்பிடிக்காத உருக்கு என்பதும் முழு உண்மை அல்ல: திருகாணித் தலையிலும் கைப்பிடிப் பலகைக்கு அடியிலும் அதுவும் துருப்பிடிக்கும். தினமும் வீடு வந்ததும் ரவைகளைக் கழற்றி, எண்ணெய் ஒற்றிய துணியால் வெளிப்புறத்தைத் துடையுங்கள். வாரம் ஒருமுறை சிலிண்டரைத் திறந்து, கோதுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியைப் பழைய பல் தூரிகையால் தட்டுங்கள். பைப் பஞ்சும் வெடிமருந்துத் துகளும் அங்கேதான் சேரும். ஒரு சிட்டிகை இருந்தாலும் சிலிண்டர் மூடக் கஷ்டப்படும், விசை கனக்கும். அந்தத் தகட்டை இயக்கும் தள்ளுதண்டைக் கையால் திருகிப் பாருங்கள்: அது தளர்ந்து முன்னுக்கு வந்தால் சிலிண்டர் திறக்காது.

எண்ணெய் அதிகமாகவும் கூடாது. அறைக்குள் எண்ணெய் நின்றால் ரவையின் அடியில் தீப்பொறி தரும் பிரைமருக்குள் ஊறி அதைச் செயலிழக்கச் செய்யக்கூடும். அறைகளை உலரத் துடைத்த பிறகே ரவை போடுங்கள். தோல் பட்டியில் குத்தி வைத்த உபரி ரவைகளில் பச்சைக் களிம்பு படரும். ரப்பர் பட்டி நல்லது. ரவை போட்டதும் பிரைமர்கள் மட்டமாக இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள்; துருத்திய பிரைமர் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும்.

சுட்ட கோதுகளைக் கழற்றும்போது குழல்வாய் வானத்தைப் பார்க்கட்டும். உள்ளங்கையால் தண்டை ஒரே அடியாக அடியுங்கள். குட்டைத் தண்டு கோதை முழுதாக வெளியே தள்ளாது. குழலைக் கீழே சாய்த்து மெதுவாகத் தள்ளினால் ஒரு கோது நட்சத்திரத்துக்கு அடியில் போய் மாட்டும். அதை எடுக்க இரண்டு கையும் நிறைய நேரமும் வேண்டும்.

தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகளைச் சட்டத்தரணியோடு உட்கார்ந்து ஒருதடவை படித்துவிடுங்கள். பொலிஸை நாட அவகாசம் இருந்தால் தற்காப்பு உரிமை கிடையாது. தேவைக்கு மேற்பட்ட தீங்குக்கும் அது இடம் தராது. ஓடுகிற திருடனின் முதுகை நோக்கிக் குழலை நீட்டாதீர்கள்.

இரவில் ரிவோல்வரைத் தோல் உறையில் விடாதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். உறையிலிருந்து எடுத்து, சிலிக்கா ஜெல் பொதியோடு பூட்டிய இரும்புப் பெட்டியில் வையுங்கள். ரவைகளுக்கு வேறு பூட்டு.