தோப்புல கிடந்த பிக்கப் ஓடுன கதை (என் அனுபவம்)

பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்புல வருஷக்கணக்கா கிடந்த டீசல் பிக்கப் தான் என் முதல் வண்டி. புது பேட்டரி போட்டா செல்ஃப் சுத்துது, ஸ்டார்ட் ஆகல. மெக்கானிக் அண்ணன் இன்ஜின தொடவே இல்லங்க, டேங்க் அடி போல்ட்ட கழட்டுனாரு, தண்ணி, துரு, கறுப்பா கொழகொழன்னு ஒரு சகதி. டேங்க்க கழுவி ஃபில்டர மாத்துனப்புறம் ஏர் எடுக்கணும் (டீசல் லைன்ல புகுந்த காத்த வெளியேத்துறது), ஃபில்டர் மேல இருக்க ஸ்க்ரூவ லேசா லூஸ் பண்ணிட்டு ஹேண்ட் பம்ப அமுக்கிட்டே இருந்தா மொதல்ல நுரையா வரும், நுரை நின்னு வெறும் டீசல் வந்ததும் டைட் பண்ணிடணும், அவ்ளோதான், புகைய கக்கிட்டு ஸ்டார்ட் ஆயிருச்சு! "தம்பி, ஓடுறது இருக்கட்டும், நிக்குதான்னு பாரு"ன்னாரு. வீல் சிலிண்டர் (சக்கரத்துல பிரேக்க தள்ளுற பாகம்) சீல் எல்லாம் காஞ்சு பிரேக் ஆயில் கசிஞ்சிருக்கு, செலவு அதுக்குதான் ஜாஸ்தி. 8 வருஷம் தாண்டுன சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி (வண்டி ரோட்டுல ஓட தகுதியா இருக்குங்கிற சான்று) எடுக்கணும்ல, பெயிண்ட்ட அப்போ பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.