மழைக்கு முன் மொட்டை மாடிச் சோதனை: எதுவரை நீங்களே, எப்போது இன்ஜினீயர்?

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். மாடியைப் பார்க்க ஆகஸ்ட், செப்டம்பர்தான் தோதான நேரம். குறை தெரிந்தால் தளத்தை வெயிலில் காயவிட்டுச் சரிசெய்யலாம். தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்பதை வீட்டுக்காரரே கண்டுபிடிக்கலாம். கான்கிரீட்டுக்குள் கம்பி எப்படி இருக்கிறது என்பது இன்ஜினீயர் வேலை.

மாடியைக் கூட்டி, மழைநீர்க் குழாய் வாயிலுள்ள சருகை எடுங்கள். எதிர் மூலையிலிருந்து இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். அரைமணி கழித்தும் தேங்கி நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அங்கே வாட்டம் போதவில்லை. பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது இறங்க வேண்டும்.

அடுத்து, கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை. வெயிலில் தளம் விரிந்து சுருங்கும்போது முதலில் விட்டுப்போவது இந்த இணைப்புதான். தட்டோடுகளைச் சுத்தியல் காம்பால் தட்டுங்கள். உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம் வந்தால் அடியில் பிடிப்பு இல்லை. அரசங்கன்று முளைத்திருந்தால் இலையைப் பிடித்து இழுக்காதீர்கள். தண்டு அறுந்து, வேர் உள்ளேயே தங்கி மறுபடி துளிர்க்கும்.

இனி வீட்டுக்குள். ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று எண்ண வேண்டாம். தண்ணீர் பக்கவாட்டில் நகர்ந்தும் இறங்கும். மழையே இல்லாத கோடையிலும் ஈரம் காயாவிட்டால், மேலே உள்ள தொட்டியையோ பாத்ரூம் குழாயையோ பாருங்கள். ஃபால்ஸ் சீலிங் போட்ட அறைதான் ஏமாற்றும். அந்த அறையின் எம்.சி.பி.யை (மெயின் போர்டில் உள்ள மின் சுவிட்ச்) அணைத்துவிட்டு எல்இடி விளக்கை மெல்ல இழுத்தால் இருபக்க ஸ்பிரிங்கோடு கீழே வரும் (விரலில் அடிக்கும், கவனம்). அந்தத் துளைக்குள் மொபைலை விட்டு, ஃபிளாஷ் போட்டு நாலு பக்கமும் வீடியோ எடுங்கள். தளத்தின் அடியில் வெள்ளை பூத்திருந்தால் தண்ணீர் தளத்தைத் தாண்டிவிட்டது. பழுப்புக் கறை இருந்தால் கம்பியில் துரு ஏறியிருக்கலாம்.

பழுப்புக் கறையோடு நேர்கோட்டில் ஓடும் விரிசல், வெளியே தெரியும் கம்பி, தொய்ந்த சீலிங், ஏடிஎம் கார்டின் முனை நுழையும் வெடிப்பு: இதில் எது கண்ணில் பட்டாலும் உங்கள் வேலை அங்கே முடிந்தது. துரு, இரும்பைவிட அதிக இடம் பிடித்துக் கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது. கம்பியைச் சுத்தம் செய்யாமல் மேலே சிமென்ட் பூசினால் அந்தப் பூச்சும் பெயர்ந்து விழும். அப்படிப்பட்ட தளத்தில் கசிவைச் சோதிக்கத் தண்ணீரைத் தேக்கி வைத்துப் பார்க்கவும் கூடாது. இரண்டு அங்குலத் தண்ணீரே சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம்.

வாட்டர்ப்ரூஃபிங் விற்பவர்களின் இலவசச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். அது பெரும்பாலும் பூச்சு வேலைக்கான கொட்டேஷனில்தான் முடியும். ரிப்பேர் கான்ட்ராக்ட் எடுக்காத ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயருக்குக் கட்டணம் கொடுத்து, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். ரீபவுண்ட் ஹாமர் (கான்கிரீட்டில் அடித்து, அது எவ்வளவு துள்ளித் திரும்புகிறது என்று அளக்கும் கருவி) கான்கிரீட்டின் மேற்பரப்புக் கடினத்தைத்தான் காட்டும். கம்பியின் துருவுக்கு ஹாஃப் செல் சோதனையும் (மின்னழுத்தத்தை அளந்து, துரு ஏறும் வாய்ப்பைக் கணிப்பது) கேளுங்கள். ஹாமரை, சிமென்ட் பூச்சை உரித்துவிட்டு வெறும் கான்கிரீட்டில் வைத்துத்தான் அடிக்க வேண்டும். பூச்சின் மேல் எடுத்த அளவீட்டை ஏற்காதீர்கள்.