பொண்ணுங்க விளையாடுவதில்லை என்று சொல்வதற்கு முன்னால்

சாயங்காலம் வடசென்னையில் வியாசர்பாடிப் பக்கம் வந்து பாருங்கள். கொஞ்சம் காலி இடம் கிடைத்தால் போதும், பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள், அக்கா தங்கைகள் மாடிப்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். மீஞ்சூர், பொன்னேரி தாண்டி கிராமத்துப் பள்ளிக்கூடங்களிலும் இதேதான், மைதானம் மட்டும் பெரிசு. இதைப் பார்த்து "பொண்ணுங்களுக்கு ஆர்வமில்லை" என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. 146 நாடுகளின் 2016ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 11 முதல் 17 வயதுக்குள் பெண் பிள்ளைகளில் 85 சதவீதம் பேருக்கும் பையன்களில் 78 சதவீதம் பேருக்கும் தேவையான அளவு ஓட்டமோ ஆட்டமோ இல்லை. பையன்கள் நிலைமையும் மோசம்தான். பிறவியிலேயே வந்த குணம் என்றால் வித்தியாசம் இவ்வளவு கம்மியாகவா இருக்கும்?

அப்புறம், "வீட்டு வேலை செய்யுதே, அது போதாதா?" என்று கேட்பது. தண்ணிக் குடத்தோடு மூணு மாடி ஏறுவதும், கிராமத்தில் ஆட்டுக்குப் பின்னால் ஓடுவதும் உழைப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடம்பு அசைய வேண்டும், வாரத்தில் 3 நாளாவது எலும்பும் தசையும் பலப்படும்படி ஓட வேண்டும், குதிக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாத்திரம் விளக்குவதில் அது எங்கே வரும்? அதுவும் தம்பி தெருவுக்குப் போகிற அதே அஞ்சு மணிக்குத்தான் இவளுக்கு வேலை வைக்கிறோம்.

வயசுக்கு வந்ததும் விளையாட்டை நிறுத்துவதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. பெண்களுக்கு வாழ்நாளில் சேரக்கூடிய எலும்பு பலத்தில் சுமார் 90 சதவீதம் 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது, அது வேகமாகச் சேர்கிற வருடங்களில்தான் பிள்ளையை உட்கார வைக்கிறோம். உட்கார வைக்காத வீட்டிலும் துப்பட்டா இருக்கிறது. ஸ்கிப்பிங் ஆடிய ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, நாலு குதிக்கு ஒரு தடவை நின்று தோளில் ஊக்கு கழன்றுவிட்டதா என்று தடவிப் பார்த்தாள். பத்து நிமிடத்தில் கயிற்றைச் சுருட்டிக் கொடுத்துவிட்டாள். ஆடும் நேரத்துக்கு டீ-சர்ட், டிராக் பேன்ட் போட விடுங்கள், அவ்வளவுதான்.

சீக்கிரம் களைத்துப் போகிறவளைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, பையன்களில் 31 சதவீதம். முதலில் ரத்தப் பரிசோதனை, வாரா வாரம் பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை.

பி.டி. மாஸ்டர்களுக்கு ஒன்று. ஒரே பந்தைப் போட்டு "எல்லாரும் ஆடுங்க" என்றால் அது பையன்கள் காலுக்குத்தான் போகும். பொண்ணுங்களுக்குத் தனிப் பந்து, பாதி மைதானம் கொடுங்கள். அப்படியும் ஓரத்தில் நின்றால், திட்டுவதற்கு முன் கழிவறைக் கதவைப் பாருங்கள். தாழ்ப்பாள் இல்லாத பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணியே குடித்திருக்க மாட்டார்கள், பிறகு வெயிலில் எப்படி ஓடுவார்கள்?